கேம்ப் ரோடு கைகாட்டி

தமிழில் 'தெரியாது' என்று ஒரு சொல் இருக்கிறது. நான்கே எழுத்து. பல் முளைக்காத குழந்தைகூட உதட்டைப் பிதுக்கி அதைச் சொல்லிவிடும். ஆனால் அதை வாயில் எடுத்தால் நாக்கு வெந்துவிடும் என்று நம்புகிற ஓர் இனம், வேட்டி கட்டிக்கொண்டும் பேன்ட் போட்டுக்கொண்டும் நம் தெருமுனைகளில் நடமாடிக்கொண்டிருக்கிறது. வழி சொல்லும் இனம். உங்களுக்குப் பரிச்சயம்தான். உச்சி வெயிலில், முன்பின் பார்த்திராத பஸ் ஸ்டாப்பில், கையில் துண்டுச் சீட்டோடு இறங்கி, "ஏன் சார், இந்த அட்ரஸ்..." என்று நீங்கள் ஆரம்பித்து முடிப்பதற்குள் வலது கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கிவிடுகிறாரே, அவர்தான்.

இதற்கு ஒரு சம்பிரதாயம் உண்டு. முதலில் சீட்டை வாங்குவார். கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் படிப்பார். பிறகு திருப்பிப் பின்பக்கத்தையும் படிப்பார். அங்கே உங்கள் வீட்டுச் சலவைக் கணக்குத்தான் இருக்கும், அதையும் விடமாட்டார். "யாரைப் பார்க்கணும்?" என்பார். சொன்னால், "அவரா!" என்பார். அந்த 'அவரா'வில் இருபது வருஷ சிநேகிதம் தொனிக்கும். அடுத்து, ஆகாயத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் மௌனம். அதன் பிறகு வருவதுதான் வழி. "நேராப் போங்கோ. போயிண்டே இருங்கோ. ஒரு மாவு மில் வரும். வரலேன்னா இன்னும் கொஞ்சம் போங்கோ. அங்கே யாரைக் கேட்டாலும் சொல்லுவா." அங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள் என்பது உண்மைதான். அங்கே நிற்பவரும் இதே இனம்.

சேலையூர் கேம்ப் ரோடு பஸ் ஸ்டாப்பில் இந்த இனத்தின் பிரதிநிதியாகப் பல காலம் நின்றவர் கஸ்தூரிரங்கன். வயது ஐம்பத்திரண்டு, நெற்றியில் ஒற்றைக் கோடு ஸ்ரீசூர்ணம், கையில் சாப்பாட்டுப் பை. பாரிமுனையில் ஒரு பெரிய ஆபீஸில் வேலை. அங்கே அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஃபைல்கள் அவர் மேஜைக்கு வந்து, இன்ஷியல் வாங்கிக்கொண்டு, அவரை ஏறிட்டுப் பார்க்காமலே அடுத்த மேஜைக்குப் போய்விடும். வீட்டிலோ, காஸ் என்று தீரும், பால்காரன் எத்தனை நாள் வரவில்லை, பெண்ணுக்குப் பரீட்சை எப்போது என்பதெல்லாம் மனைவி நாகலக்ஷ்மிக்குத் தெரியும், அவரைக் கேட்பானேன்? ஆக, காலை எட்டு மணியிலிருந்து எட்டேகால் வரை, தாம்பரம் ஸ்டேஷன் போகும் பஸ்ஸுக்காக அவர் நிற்கிற அந்தக் கால் மணி நேரம் மட்டும்தான் உலகம் அவர் எதிரே பிரேக் போட்டு நின்று, கண்ணாடியை இறக்கி, "சார்" என்று மரியாதையோடு கேள்வி கேட்டது. அந்தக் கால் மணி நேரத்தில் போய் ஒரு மனுஷர் 'தெரியாது' என்பாரா? நீங்கள் சொல்வீர்களா?

ஊரும் அவருக்குச் சாதகமாக அமைந்திருந்தது. வயல்களை வரிசையாக மனை போட்டு விற்றவர்கள் பெயர் வைப்பதில் மட்டும் சிக்கனம் பார்த்துவிட்டார்கள். அமுதவல்லி நகர் என்று ஒன்று. அதை ஒட்டி, 'அமுதவல்லி நகர் விரிவு' என்று இன்னொன்று. இரண்டிலும் முதல் தெரு, முதல் குறுக்குத் தெரு, இரண்டாம் குறுக்குத் தெரு எல்லாம் உண்டு. தபால்காரரே மூன்று மாதம் அலைந்த பிறகுதான் நிதானத்துக்கு வந்தார் என்றால், கஸ்தூரிரங்கனின் கைக்கு எவ்வளவு வேலை இருந்திருக்கும்!

ஒருமுறை மாடம்பாக்கம் சிவன் கோயிலுக்கு வழி கேட்டு ஒரு குடும்பம் அம்பாஸடரில் வந்தது. அங்கிருந்து இரண்டு மைல்தான். தெற்கே திரும்பினால் ஆயிற்று. கஸ்தூரிரங்கன் ஆகாயத்தைப் பார்த்தார், கையைத் தூக்கினார். அந்தக் குடும்பம் தாம்பரம் தாண்டி, ரயில்வே கேட்டில் முக்கால் மணி நேரம் நின்று, பல்லாவரத்தில் இருவரைக் கேட்டு, பதினொன்றரை மணிக்குத் திருநீர்மலை ஏறிப் பெருமாளைச் சேவித்தது. இந்தச் செய்தி எப்படியோ அவர் காதுக்கு வந்தபோது, நம் ஆள் துளிகூட வெட்கப்படவில்லை.

"ரங்கநாதர் சேவை கிடைச்சிருக்கு. என்னத்துல குறைஞ்சு போயிட்டா?" என்றார்.

"அவா பிரதோஷத்துக்கு வந்தவாளாம்" என்றாள் நாகலக்ஷ்மி.

இது இப்படியே ஆயுள் முழுக்க நடந்திருக்க வேண்டியது. எண்பத்தேழாம் வருஷம் மே மாதம் குறுக்கே வந்தது.

அந்த மே மாதம் ஊரில் தண்ணீர் இல்லை. அதாவது இருந்தது, ஆனால் அதைத் தண்ணீர் என்று கூப்பிட மனம் வராது. கிணறுகள் அடி தெரிந்தன. போர் போட்டவர்கள் வீட்டில் வந்தது உப்பு. அதில் சோப்பு நுரைக்காது, வழுக்கும். காபியில் பால் திரிந்தது. துவரம் பருப்பை அடுப்பில் ஏற்றிவிட்டுக் கடைத்தெருவுக்குப் போய்வந்து, குளித்து, பூஜை முடித்துப் பார்த்தாலும் பருப்பு பருப்பாகவே, வைத்த மாதிரியே இருந்தது. வாரத்துக்கு இரண்டு நாள் வரும் தண்ணீர் லாரிக்காக இரண்டு நகர்களின் குடங்களும் விடியற்காலையிலிருந்து வரிசையில் நின்றன. பத்து வருஷம் பல்லைக் காட்டிப் பழகியவர்கள்கூட அந்த வரிசையில் அறிமுகமற்றவர்கள் ஆனார்கள்.

அப்படி ஒரு நாள் காலை எட்டு மணிக்கு, முதுகில் இரும்புக் கோபுரத்தைப் படுக்கப் போட்டுக்கொண்டு ஒரு போர் லாரியும், அதன் பின்னால் கம்ப்ரஸர் லாரி ஒன்றும் கேம்ப் ரோடில் கஸ்தூரிரங்கன் எதிரே வந்து நின்றன. மேலேயிருந்து ஒரு தலை நீண்டது. திருச்செங்கோட்டிலிருந்து வந்த ரத்தினம், அந்த வண்டிக்குத் தலைவர்.

"ஏனுங்க சார், அமுதவல்லி நகருங்க. ரெண்டாங் குறுக்குத் தெரு, ஏழாம் நம்பரு. வேதசிரோமணி வாத்தியாரு வீடு."

"அவரா!" என்றார் கஸ்தூரிரங்கன்.

வேதசிரோமணியை அவர் கண்ணால் பார்த்ததில்லை. வாத்தியார் அமுதவல்லி நகருக்குக் குடிவந்து மூன்று மாதம்தான் ஆகிறது. ஆனால் மூளை என்று ஒன்று எதற்கு இருக்கிறது? வேதசிரோமணி என்றால் கிறிஸ்துவப் பெயர். விரிவில், இரண்டாம் குறுக்குத் தெருவில், ஒரு வீட்டு வாசலில் போன டிசம்பரில் கட்டிய காகித நட்சத்திரம் மே மாதம் வரை அவிழ்க்கப்படாமல் ஆடிக்கொண்டிருந்ததை அவர் பார்த்திருக்கிறார். கதவு எண் ஏழு. ஏழும் ஏழும் பொருந்தின, பெயரும் நட்சத்திரமும் பொருந்தின. இதற்கு மேல் என்ன வேண்டும்?

"நீங்க தனியாப் போனா தொலைஞ்சு போயிடுவேள். நானே வந்து காட்டறேன்" என்று சாப்பாட்டுப் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு லாரியில் ஏறிவிட்டார். அவ்வளவு உயரத்திலிருந்து அவர் அதுவரை சேலையூரைப் பார்த்ததில்லை. மளிகைக்கடைக்காரர் அண்ணாந்து பார்த்தார். இஸ்திரி போடுபவர் பெட்டியைக் கீழே வைத்தார். கஸ்தூரிரங்கன் பெருமாள் புறப்பாட்டில் வருகிற மாதிரி எல்லாரையும் பார்த்துத் தலையை அசைத்துக்கொண்டு போனார்.

நட்சத்திர வீடு பூட்டியிருந்தது. வெளிக் கேட்டுக்குப் பூட்டு இல்லை.

"வாத்தியாரு பரிச்சைப் பேப்பரு திருத்தப் போறேன்னாருங்க. ஊட்டுல ஆளு இருக்காது, செங்கல்லு வெச்சு அடையாளம் பண்ணியிருக்கேன், நீங்க வந்து போட்டுருங்கன்னாரு" என்றார் ரத்தினம்.

செங்கல் இருந்தது. ஒன்றல்ல, பதினெட்டு. ஒரு கனகாம்பரப் பாத்தியைச் சுற்றி அழகாக வட்டமாகப் புதைத்து வைத்திருந்தது.

"இதுல எந்தச் செங்கல்லுங்க?" என்று ரத்தினம் தலையைச் சொறிந்தார். பிறகு, யாரைக் கேட்கக் கூடாதோ அவரைத் திரும்பிப் பார்த்தார்.

இந்த இடத்தில் உங்களையும் என்னையும் போன்றவர்கள், "வாத்தியார் சாயங்காலம் வரட்டுமே" என்போம். கஸ்தூரிரங்கனுக்கும் அது நெஞ்சு வரை வந்தது. ஆனால் ஆறு தொழிலாளிகள், இரண்டு டிரைவர்கள், ஒரு ரத்தினம், ஆக ஒன்பது பேர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆபீஸில் முப்பது வருஷத்தில் ஒன்பது பேர் சேர்ந்தாற்போல் அவர் முகத்தைப் பார்த்ததே இல்லை. அவர் ஆகாயத்தைப் பார்த்தார். கண்ணை மூடினார். கை தானாக எழுந்தது. பாத்தியின் நட்டநடுவே போய் நின்றது.

"இங்கே."

இரும்புக் கோபுரம் நிமிர்ந்தது. கஸ்தூரிரங்கன் எட்டு ஐம்பது ரயிலைப் பிடித்து, ஒரு நல்ல காரியம் செய்த நிறைவோடு ஆபீஸுக்குப் போய், அன்று முழுவதும் உற்சாகமாக இன்ஷியல் போட்டார்.

சாயங்காலம் ஆறு மணிக்குக் கேம்ப் ரோடில் இறங்கியதும் ஏதோ சரியில்லை என்று பட்டது. மாமிகள் குடத்தோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். நடக்கிற மாமிகளை அவருக்குத் தெரியும். ஓடுகிற மாமிகளை அன்றுதான் பார்த்தார். எல்லாரும் விரிவை நோக்கி ஓடினார்கள். அவரும் வேகமாக நடந்தார். இரண்டாம் குறுக்குத் தெருவே கூட்டம். நட்சத்திர வீட்டுத் தோட்டத்தில் கம்ப்ரஸர் உறுமிக்கொண்டிருக்க, குழாயிலிருந்து தண்ணீர் இரண்டாள் உயரத்துக்குப் பீய்ச்சி அடித்தது. காலையில் கனகாம்பரம் இருந்த இடத்தில் ஒரு குட்டை. குட்டையின் கரையில் இரண்டு பேர் நேருக்கு நேர் நின்றார்கள். ஒருத்தி நர்ஸ் உடையில் இருந்தாள். இன்னொருவர் பையில் சிவப்புப் பேனா செருகிய ஒல்லி மனிதர்.

"நான் ட்யூட்டி முடிச்சு வூட்டுக்கு வர்றேன், என் தோட்டத்துல பூதம் நின்னுக்கினு கீது! யாரைக் கேட்டுப் பூந்தீங்க? யாரைக் கேட்டு என் கனகாம்பரத்துல ஓட்டை போட்டீங்க?" அவள்தான் செல்வமேரி, வீட்டுக்காரி.

"அம்மா, ஓட்டை என்னுதும்மா. தோட்டம்தான் உங்களுது" என்றார் ஒல்லி மனிதர். அவர்தான் வேதசிரோமணி. "மூணு வாரம் அலைஞ்சு இந்த வண்டியப் பிடிச்சேன். அட்வான்ஸ் குடுத்தது நான். எங்க வீட்டுல செங்கல் வச்ச இடத்துல செங்கல் அப்படியே இருக்கு. எம் போரு இங்க வந்து நிக்கி!"

"உங்க போரைத் தூக்கினு போங்க, யாரு வேணாம்னாங்க?"

போட்ட போரை எப்படித் தூக்கிக்கொண்டு போவது? கூட்டம் சிரித்தது. வேதசிரோமணி வேறு, செல்வமேரி வேறு, நகர் வேறு, விரிவு வேறு. இதெல்லாம் கஸ்தூரிரங்கனுக்கு ஒரே கணத்தில் தெளிவாகிவிட்டது. மெள்ளத் திரும்பி, எதுவுமே அறியாத ஒரு மனிதர் போல நடக்கத் தொடங்கினார்.

"அதோ! அந்த ஐயாதானுங்க!"

ரத்தினத்தின் கை. எத்தனையோ திசைகளில் எத்தனையோ பேருக்குக் கை காட்டிய கஸ்தூரிரங்கனை நோக்கி, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கை நீண்டிருந்தது. கூட்டம் மொத்தமும் திரும்பியது. கூட்டத்தில், இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு குடமுமாக நாகலக்ஷ்மியும் இருந்தாள்.

சரி, செத்தோம் என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இருவது வருசமா போர் போடறேனுங்க" என்றார் ரத்தினம், குரல் தழுதழுக்க. "இந்தச் சுத்துவட்டாரத்துல பூராம் உப்புத் தண்ணி. இது மாதிரி இனிப்பா ஒரு ஊத்து நான் பாத்ததே இல்லீங்க. நூத்தி இருவது அடி, அவ்வளவுதான்! பதினெட்டுச் செங்கல்லு இருந்துச்சுங்க. ஐயா ஒண்ணையும் தொடலீங்க. கண்ண மூடுனாரு. நடு மையத்துல கையக் காட்டுனாரு. இதா, இப்பப் பாருங்க, அதே மாதிரி கண்ண மூடிட்டாரு!"

கஸ்தூரிரங்கன் அவசரமாகக் கண்ணைத் திறந்தார்.

"கஸ்தூரிரங்கன் சார்!" என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார் நகர் நலச் சங்கத்தின் செயலாளர் ஏகநாதன். "இப்படி ஒரு பவர் இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லலியே சார்! நாங்க லாரி லாரின்னு மனு மேல மனு போட்டுட்டு இருக்கோம்!"

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் அவர் வாயைத் திறந்தார். அதை நான் சத்தியமாகச் சொல்ல முடியும். ஆனால் அந்த நேரம் பார்த்துச் செல்வமேரி ஒரு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீரை ஏந்திக்கொண்டு வந்து நீட்டினாள். அவள் ஏற்கெனவே ஒரு வாய் குடித்திருந்தாள், குரல் மாறியிருந்தது.

"குடிச்சுப் பாருங்க சார். இருங்க, சண்டைய அப்புறம் வெச்சுக்கலாம்."

குடித்தார். கல்கண்டு. அந்த மே மாதத்தில், அந்தத் தொண்டையில், அந்தத் தண்ணீர் இறங்கியதும், மேலே வந்துகொண்டிருந்த உண்மை அதோடு சேர்ந்து கீழே இறங்கிவிட்டது.

"ஏதோ... ஒரு அனுமானம்தான்" என்றார் கஸ்தூரிரங்கன்.

வீட்டுக்கு வந்ததும் நாகலக்ஷ்மி தட்டு போட்டாள். சாதத்தில் பருப்பு விழுந்தது. வெண்ணெய் மாதிரிக் குழைந்திருந்தது.

"அனுமானமாமே?" என்றாள்.

அவர் தட்டைப் பார்த்தார்.

"வீட்டுல துவரம் பருப்பு டப்பா எங்கே இருக்குன்னு ஒருநாள் அனுமானம் பண்ணிச் சொல்லுங்கோ, பார்க்கலாம். போகட்டும். பருப்பு வெந்திருக்கு. அதனால இன்னிக்கு ஒண்ணும் கேக்கப் போறதில்லை."

மறுநாள் காலை ஆறு மணிக்கு வேதசிரோமணி வாசலில் நின்றார். அடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று கஸ்தூரிரங்கன் கொல்லைப்பக்கம் போகப் பார்த்தார். வாத்தியாரோ கையைக் கூப்பினார். செல்வமேரி நேர்மையான பெண்; தன் வீட்டில் தோண்டியதற்குத் தானே பணம் கொடுத்துவிடுவதாக ரத்தினத்திடம் சொல்லிவிட்டாள். வாத்தியார் வீட்டுக்குப் புதிதாக ஒரு போர் போட ரத்தினமும் தயார்.

"நான் ஒரு இடத்துல செங்கல் வச்சேன். இப்ப எனக்கே அதுல நம்பிக்கை இல்ல. நீங்க ஒரு நிமிஷம் வந்து..."

"எனக்கு..." என்று தொடங்கினார் கஸ்தூரிரங்கன். தெ என்ற எழுத்து பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. வாத்தியாரின் கண்ணில் அவ்வளவு நம்பிக்கை! அந்த எழுத்து அங்கேயே கரைந்தது. போனார், கையைத் தூக்கினார். நூற்றெண்பது அடியில் உப்புத் தண்ணீர் வந்தது.

இத்தோடு முடிந்தது என்று நினைக்கிறீர்களா? நம்பிக்கை அவ்வளவு லேசில் விடுமா? வண்டிக்காரர்கள் சார் காட்டிய இடத்திலிருந்து ஓரடி தள்ளிப் போட்டுவிட்டார்கள் என்று ஊர் தீர்மானித்தது. அடுத்து ஏகநாதன். அவர் வீட்டில் இருநூறு அடி வரை வெறும் பாறைத் தூள். சாம்பல் நிறத்தில் கிளம்பி முதல் தெரு முழுக்க உலர்த்தியிருந்த துணிகளில் படிந்தது. சார் கை காட்டும் நேரத்தில் ஏகநாதன் வாட்ச் கட்டியிருந்தார், அந்த இரும்பு சாரின் பவரை இழுத்துவிட்டது என்று முடிவாயிற்று. மூன்றாவது வீட்டில் ராகுகாலம். நான்காவது வீட்டில் தண்ணீர் வந்தது, ஆனால் அது பக்கத்து வீட்டுக் கழிவுநீர்த் தொட்டியைச் சேர்ந்தது.

கஸ்தூரிரங்கன் இளைத்தார். பஸ் ஸ்டாப்பை விட்டுச் சந்து வழியாக ஸ்டேஷனுக்கு நடந்தே போனார். இரண்டு கையையும் பேன்ட் பையிலிருந்து எடுப்பதில்லை என்று விரதம் பூண்டார். என்றாலும் மனிதன் என்றால் காது அரிக்காதா? ஒருநாள் முழங்கையைத் தூக்கிக் காதைச் சொறிந்தார். பின்னால் வந்துகொண்டிருந்த இருவர் முழங்கை எந்தத் திசையைக் காட்டியது என்று சாக்பீஸால் தரையில் குறித்துக்கொண்டார்கள். கோயிலில் கைகூப்பப் பயந்தார். ரயிலில் மேல் கம்பியைப் பிடிக்கப் பயந்து, தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை ஒவ்வொரு ஸ்டேஷனிலும் யாராவது ஒருவர் மேல் விழுந்துகொண்டே போனார்.

இந்த நிலையில்தான் ஒரு சனிக்கிழமை காலை முனியம்மா வந்தாள். நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவள். விரிவின் கடைசிச் சுவருக்குப் பின்னால் பழைய ஊர். அங்கே அவள் குடிசை.

"சாரே, நாளிக்கு என் தம்பி மாரி வர்றான். அவன் போர் ஆளுங்க கிட்டத்தான் வேலை செய்றான். கையால திருகித் தோண்டற கை போர் சாமானெல்லாம் ஒரு நாள் வாடகைக்கு எட்துகினு வர்றான். ரெண்டு ஆட்ட வித்துட்டேன். எங்க தெருவுல பத்து வூட்டுக்கும் தண்ணி இல்ல, நாயி மாரி அலையறோம். ஒரு எட்டு வந்து கை காட்டிட்டுப் போயேன்."

கஸ்தூரிரங்கன் அவளைப் பார்த்தார். ஏகநாதன் வீட்டில் பாறை வந்தால் ஏகநாதன் இன்னொரு மனு போடுவார். இவளுக்கு ரெண்டு ஆடு. மூன்றாவது ஆடு இல்லை. பேன்ட் பைக்குள் அவர் கைகள் இரண்டும் வியர்த்தன. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஐம்பத்திரண்டு வருஷம் பூட்டிக் கிடந்த கதவை நெம்பித் திறப்பது போல, முகமெல்லாம் சிவக்க, அவர் சொன்னார்:

"தெரி... யா... து."

உள்ளே நாகலக்ஷ்மி கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

முனியம்மா இடுப்பில் கையை வைத்தாள். "இன்னா சாரே? வாத்தியாரு வூட்டுக்குன்னா தெரியும், செகரட்டரி வூட்டுக்குன்னா தெரியும், முனியம்மா வூட்டுக்குன்னா மட்டும் தெரியாதா? நல்லாக் கீது நாயம்!"

"ஐயோ, இல்லை முனியம்மா. நிஜமாவே தெரியாது. அன்னிக்கும் தெரியாது! அந்த வாத்தியார் வீடு எதுன்னே எனக்குத் தெரியாது. தப்பு வீட்டுக்குக் கூட்டிண்டு போய், தப்பு இடத்தைக் காட்டினேன். தண்ணி தானா வந்தது. எனக்கு எந்த பவரும் கிடையாது. மாவு மில்லே கிடையாது, அதையே நான் பத்து வருஷமாச் சொல்லிண்டிருக்கேன்!"

எல்லாம் வந்துவிட்டது. திருநீர்மலை அம்பாஸடர் உட்பட. முனியம்மா பொறுமையாகக் கேட்டாள். கொஞ்சம் யோசித்தாள்.

"தெரியாமயே அவ்ளோ தண்ணி வந்துச்சா?"

"ஆமாம்."

"அப்போ எனுக்கும் தெரியாமயே ஒரு தபா காட்டு."

கஸ்தூரிரங்கன் சுவரில் சாய்ந்துவிட்டார். நாகலக்ஷ்மி புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"முனியம்மா, உன் வீடு செல்வமேரி வீட்டுக்கு எந்தப் பக்கம்?"

"அவங்க பின்சொவத்துக்கு அந்தாண்டதான்மா. அவங்க துணி துவைச்சா என் வூட்டுல தெறிக்கும்."

"அங்கே நல்ல ஊத்து இருக்கு. வாத்தியார் வீட்டுப் பக்கம் போனா உப்பு, மேலண்டை போனா பாறை. இத்தனை பேர் தோண்டித் தோண்டிக் காட்டிட்டாளே! அந்தச் சுவரை ஒட்டித் தோண்டிப் பாரு. வரும்னு சத்தியம் பண்ண மாட்டேன். வேற எங்கேயும் தோண்டாதே."

ஞாயிற்றுக்கிழமை மாரியும் இரண்டு ஆட்களும் சுவரை ஒட்டித் தோண்டினார்கள். கஸ்தூரிரங்கன் வீட்டில் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்து நடந்து சிமென்ட் தரையைத் தேய்த்தார். மத்தியானம் சாப்பிடவில்லை. நாலு மணிக்குத் தெருக்கோடியில் கூச்சல் கேட்டது. அது அழுகையா, குலவையா என்று தெரியாமல் அவர் ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்துக்கொண்டார். முனியம்மா, நனைந்த புடவையோடு, தலையில் தளும்பும் குடத்தோடு ஓடிவந்தாள். அவள் பின்னால் பத்து வீட்டுப் பெண்கள்.

"சாரே! முப்பத்தெட்டு அடி! இளநி மாரி கீது!"

கஸ்தூரிரங்கனுக்குக் கண்ணில் நீர் முட்டியது. "எனக்கென்ன தெரியும்? சொன்னது இவதான். இவளுக்குச் சொல்லு" என்று மனைவியைக் காட்டினார்.

முனியம்மா தன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். "பாத்தியாடி தனம்? பொண்டாட்டிய வுட்டுக் குடுக்கிறாரா பாரு. மன்சன்னா இவுருதான்! நேத்துத் தெரியாதுன்னு சொன்னாரே, அப்பவே எனுக்குத் தெரியும், இவுருக்குத் தெரியும்னு."

நாகலக்ஷ்மி சிரிக்க ஆரம்பித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், உட்கார்ந்து சிரித்தாள். முனியம்மாவும் எதற்கென்று கேட்காமல் கூடச் சேர்ந்து சிரித்தாள். குடத்துத் தண்ணீர் பாதி வாசலில் கொட்டியது. யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. இனிமேல்தான் தண்ணீர் இருக்கிறதே.

மறுநாளிலிருந்து கஸ்தூரிரங்கன் புது மனிதர். நாக்கு வேகவில்லை, வானம் இடியவில்லை. பழைய பஸ் ஸ்டாப்புக்கே போய், நெஞ்சை நிமிர்த்தி நின்றார். சைக்கிளில் வந்த ஒருவர் ராஜகீழ்ப்பாக்கம் எப்படிப் போவது என்றார். "தெரியாது!" அந்த ருசி இருக்கிறதே, அடடா! அடுத்து வந்தவர் போஸ்ட் ஆபீஸ் கேட்டார். எதிரேதான் இருந்தது. "தெரியாது!" கேம்ப் ரோடில் நின்றுகொண்டு ஒருவர் கேம்ப் ரோடு எது என்று கேட்டார். "சத்தியமாத் தெரியாது சார்!" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான்கு நாட்கள் இப்படி ஓடின. சேலையூரில் இறங்கிய வெளியூர்க்காரர்கள் அந்த நான்கு நாட்களும் வேறு யாரையோ கேட்டு, போக வேண்டிய இடத்துக்கு நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள்.

ஐந்தாம் நாள் ஒரு பெரியவர் ஸ்கூட்டரை நிறுத்தி, பஞ்சாயத்து ஆபீஸ் கேட்டார். கஸ்தூரிரங்கன் பெருமிதத்தோடு 'தெரியாது' என்றார். "பரவாயில்லை" என்று பெரியவர் கிக்கரை உதைத்தார். ஸ்கூட்டர் பத்தடி போனது. அதற்குள் பெரியவர் முகத்தில் விழுந்த சின்ன ஏமாற்றம் கஸ்தூரிரங்கனை என்னவோ செய்தது. பாவம், வயசானவர். வெயில் வேறு. வெறும் கையோடு அனுப்பலாமா?

"சார்! சார்! நில்லுங்கோ!" என்று சாப்பாட்டுப் பை குதிக்க ஸ்கூட்டரின் பின்னால் ஓடினார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் தெருமுனையில் ஒரு கணவன் மனைவி, பட்டுப்புடவையும் பரிசுப் பொட்டலமுமாக, கல்யாணப் பத்திரிகையைக் காட்டி மண்டபம் எங்கே என்று கேட்டார்களே, நினைவிருக்கிறதா? அந்த மண்டபத்தின் பெயரை நீங்கள் அப்போதுதான் முதல்முதலாகக் கேள்விப்பட்டீர்கள். "நேராப் போய் லெஃப்ட்ல திரும்புங்க" என்று சொல்லிவிட்டுக் காய்கறிப் பையோடு நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிட்டீர்கள். முகூர்த்தம் ஒன்பதரைக்கு. அவர்கள் பந்தியில் உட்கார்ந்தார்களா என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கு?